மாமா செருப்பைக் கழற்றிய இடம்

சென்னைக்கு யாராவது புதிதாக வந்து இறங்கினால் ஊரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு எங்கள் அலுவலகத்தில் என் தலையில்தான் விழும். நானும் முகம் சுளிக்காமல் கூட்டிக்கொண்டு போவேன். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் எந்தப் பக்கம் நின்றால் காற்று முகத்தில் அறையும், ஐஸ் ஹவுஸின் வட்டச் சுவர் எங்கிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியும், எழும்பூர் மியூசியத்தில் எந்த மரத்தடி பெஞ்சில் மத்தியானம் முழுக்க நிழல் இருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்பார்கள். படிக்கவில்லை. ஒரே ஒரு கோடை விடுமுறையில் என் மாமாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பார்த்தது. அதற்குப் பிறகு இந்த ஊரில் புதிதாக எதையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பை முடித்திருந்தேன். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அம்மா ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வயிற்றில் புண், மருந்து கொடுத்தால் ஆறிவிடும், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கும் அதேதான் சொல்லப்பட்டது. அது புண் இல்லை என்பது அப்பாவுக்கும் மாமாவுக்கும் ராத்திரியில் துணைக்குப் படுத்த அத்தைக்கும் தெரியும். எங்களைப் போன்ற குடும்பங்களில் இது எழுதாத சட்டம். நோய் யாருக்கு வந்திருக்கிறதோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் வார்டு வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெரியாதவரிடம் போய் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள்.

அப்பா மாநகரப் பேருந்து ஓட்டுபவர். காலை ஷிப்டு முடிந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். என்னை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது மாமா, "பாப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்று முன்வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. சாமி இல்லை என்று மேடை போட்டுச் சொல்கிற கட்சி அவருடையது. எப்போதும் கறுப்புச் சட்டைதான் போடுவார். இதில் வேடிக்கை என்னவென்றால் அவருக்கு வேலை கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகத்தில். பிள்ளையார் இல்லாமல் பத்திரிகை ஏது? முகூர்த்த மாதங்களில் மாமா ராத்திரி முழுக்கக் கண் விழித்து மஞ்சளிலும் சிவப்பிலும் பிள்ளையாரை அடித்துத் தள்ளிக்கொண்டிருப்பார். "இந்த ஊர்ல ஒன்ன மாரி இத்தினி புள்ளையார் பண்ணவன் எவனும் இல்லடா" என்று அம்மா சீண்டுவாள். அவரும் சிரித்துக்கொண்டே, "பண்றவனுக்குத்தான் தெரியும்க்கா, அது காயிதம்னு" என்பார்.

மாமாவுக்கு ஒரு கொள்கை. வீடுகளைத் தவிர, செருப்பைக் கழற்றச் சொல்கிற எந்த இடத்துக்குள்ளும் அவர் நுழையமாட்டார். கோயிலோ தர்காவோ, எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, வாசலோடு நின்றுவிடுவார். எனக்குக் காது குத்திய கதை எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மா அம்மன் சந்நிதியில் குத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். மாமா படியேற மறுத்துவிட்டார். ஆசாரியும் தட்டும் தாம்பாளமுமாகச் சொந்தக்காரர்கள் எல்லோரும் காத்திருக்க, அம்மா கோயில் வாசலில் நின்று அழுதாளாம். "எனக்காக ஒரே ஒரு தபா கயட்டுடா" என்றாளாம். அதற்கு மாமா, "ஒனக்காக உசிரக் குடுக்கறேன்க்கா. செருப்பக் கயட்ட மாட்டேன்" என்றாராம். கடைசியில் கோயிலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மாமா உட்கார, அவர் மடியில் நான் உட்கார, காது குத்தி முடிந்தது. பிற்பாடு அம்மாவே இந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அழுதது அவள்தான் என்பதைக்கூட மறந்தவள் மாதிரி சிரிப்பாள்.

அந்த மாமாதான் அந்தக் கோடையில் எனக்கு ஊரைக் காட்டினார். ராத்திரி அச்சகம், பகலில் நான். தூங்கினாரா என்றுகூட யாரும் கேட்கவில்லை. காலையில் மொபெட்டோடு வந்து நிற்பார். என் தலையைத் தானே வாரிவிட முயன்று, முடியாமல், எதிர்வீட்டு அக்காவிடம் அனுப்புவார். அவள் மல்லிகை ஒரு துண்டும் வைத்து அனுப்புவாள். பிறகு கிளம்பிவிடுவோம். மாலையில் ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களை விடும்வரை எங்காவது சுற்றுவோம். அவருக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஊர் சுற்றுவதென்றால் அவருக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

கலங்கரை விளக்கத்தில் லிப்டு ஏறி மேலே போனோம். கடல் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். கபாலி கோயில் கோபுரம் கைக்கெட்டுகிற மாதிரி தெரிந்தது. நான் சட்டென்று கும்பிட்டுவிட்டு மாமாவைப் பயத்தோடு பார்த்தேன்.

"கும்புட்டுக்கோ, கும்புட்டுக்கோ. தூரத்துல கீற வரிக்கும் எனக்கும் அவருக்கும் சண்ட இல்ல" என்றார் மாமா.

அம்மா இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று கேட்டேன். கட்டடக் கூட்டத்துக்குள் ஒரு திசையைக் காட்டினார். நான் அந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினேன். மாமாவும் ஆட்டினார். அன்று சாயங்காலம் அம்மாவிடம், பார்த்தாயா என்று கேட்டபோது, ஜன்னல் வழியாகப் பார்த்தேனே, மஞ்சள் கவுன்தானே போட்டிருந்தாய் என்றாள். நான் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டுதான் அவள் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆனாலும் நம்பினேன்.

ஐஸ் ஹவுஸை வெளியிலிருந்துதான் பார்த்தோம். உள்ளே சாமியார் படங்கள் இருக்கும், செருப்பைக் கழற்றச் சொன்னாலும் சொல்வார்கள் என்று மாமா சந்தேகப்பட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்து இங்கேதான் இறங்கியது என்றார். இப்போது ஐஸ் எங்கே என்று கேட்டேன். எல்லாம் உருகிவிட்டது என்றார். அவ்வளவு பெரிய வீடு கட்டி, அவ்வளவு கெட்டியாகச் சுவர் வைத்தும் உருகிவிட்டதா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எதிரே ஒரு வண்டியில் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

சேப்பாக்கத்தில் நவாபு காலத்து மாளிகை ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டியிருந்தது. மாமாவுக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் அங்கே வேலை செய்ததால் ஓரமாக நின்று பார்க்க விட்டார்கள். சிவப்புச் செங்கல் தெரியத் தெரியச் சுவரைச் சுரண்டி, மேலே புதுச் சுண்ணாம்பு பூசினார்கள். பெரிய தொட்டிகளில் சுண்ணாம்போடு வெல்லமும் கடுக்காயும் ஊறிக்கொண்டிருந்தன. அந்த இடமே பாயசம் வைத்த வீடு போல மணத்தது. கட்டடத்துக்கு எதற்கு வெல்லம் என்று கேட்டேன்.

"அதுக்கும் ஒடம்பு சரியில்ல பாப்பா. வைத்தியம் பாக்கறாங்க" என்றார் மாமா.

"சரியாயிடுமா?"

"இவ்ளோ வருசம் நின்னுட்டுது. இன்னும் நிக்கும்."

எனக்கு மனசுக்குள் கணக்கு சரியாக வந்தது. இத்தனை வயதான கட்டடமே பிழைத்துக்கொள்ளும் என்றால், அம்மாவுக்கு என்ன வயதாகிவிட்டது? அவளுக்கு ஒரு நரைகூட இல்லை. இதை நான் உரக்கவே சொன்னேன். மாமா அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா பாப்பா" என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுக்கப் போனார்.

இப்படி ஊரெல்லாம் சுற்றினாலும் எனக்கு ஒரு குறை இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றுவாள். அவள் படுத்ததிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அப்பா பேருந்தின் முன்னால் இருக்கிற படத்துக்குப் பூ வைப்பதோடு சரி. விளக்கு நின்றுபோனதால்தான் அம்மாவுக்குப் புண் ஆறவில்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, மொபெட் லஸ் முனையில் நின்றபோது, என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போ என்று ஆரம்பித்தேன். உள்ளே வர வேண்டாம், வாசலிலேயே நில், நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றேன். அதற்கும் மாமா சம்மதிக்கவில்லை. நான் மொபெட்டிலிருந்து இறங்கிப் பூக்கடை ஓரமாக நின்று அழத் தொடங்கினேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் மாமாவைப் பிள்ளை பிடிக்கிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"இன்னா இப்ப, அம்மனப் பாக்கணும், அவ்ளோதானே? ஏறு" என்றார் மாமா.

அவர் என்னை எழும்பூருக்குக் கொண்டுபோனார். மியூசியத்தில் பழைய காலத்து அம்மன்கள் நிறைய இருக்கிறார்கள் என்றும், அங்கே உண்டியல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, யாரும் விரட்டமாட்டார்கள், வேண்டிய மட்டும் நின்று பார்க்கலாம் என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அங்கே செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் கேட்டு மூடிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை வார விடுமுறையாம். மாமா போர்டைப் படித்துவிட்டு மொபெட் மேலேயே சாய்ந்து சிரித்தார்.

"ஒலகத்துல எல்லா அம்மனுக்கும் வெள்ளிக்கெயமதான் வேல. இங்க கீற அம்மனுக்கு மட்டும் லீவு."

அந்தக் கோடையில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நாளைக்குக் கட்டாயம் வரலாம் என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் அப்பாவையும் மாமாவையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். என்னை ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கவுனின் ஓரத்தைப் பிடித்து மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார். மாமா வெகுநேரம் கழித்து வந்தார். முகம் கழுவியிருந்தார், சட்டையெல்லாம் ஈரம்.

"வா பாப்பா. அம்மனப் பாக்கப் போலாம்" என்றார்.

நேற்று நான் அவ்வளவு அழுத பிறகே கூட்டிப் போனவர், இன்று நான் கேட்காமலே கூப்பிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம்.

வெண்கலச் சிலைகள் இருக்கிற கட்டடத்துக்குள் நுழைந்ததும் வெயில் பட்டென்று அறுந்தது. உள்ளே ஏசி. இருட்டும் வெளிச்சமுமாக, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சாமிகள் நின்றார்கள். எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மணி இல்லை, கற்பூரம் இல்லை, ஒருவருக்கும் புடவை கட்டவில்லை, பூ வைக்கவில்லை. ஒவ்வொருவர் காலடியிலும் பெயரும் ஊரும் எழுதிய அட்டை இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் மாட்டியிருக்கும் அட்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மாமா என்னைப் பார்வதி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு கை கொடி மாதிரித் தொங்கியது. மற்றக் கையின் விரல்கள் பூவைப் பிடிப்பது போல மடங்கியிருந்தன. பூ இல்லை.

"இவங்களுக்கு யாரு சோறு படைப்பாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல."

"அப்ப பசிக்காதா? பசியோட கீற சாமி எப்டி வரம் குடுக்கும்?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "ஒங்கம்மாவுந்தான் இப்ப ஒண்ணும் துன்றதில்ல. நீ போய் நின்னா சிரிக்கல?"

அது எனக்குச் சரியாகப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அம்மா வீட்டுக்கு வந்துவிட வேண்டும், எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளியில் இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிச் சிவப்பு ரிப்பன். எதிர்வீட்டு அக்கா போட்டால் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். பிறகு என் தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றி அந்த வெறும் விரலில் வைக்கலாம் என்று கையை நீட்டினேன். கண்ணாடி தடுத்தது. காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்து, "பூவெல்லாம் வெக்கக் கூடாதும்மா. கண்ணாடியத் தொடாத" என்றாள். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அப்போது ஒரு குடும்பம் வந்தது. என் வயதுப் பையன் ஒருவன் நடராஜரைப் போல ஒற்றைக் காலில் நின்று காட்டினான். நான் அவர்கள் பின்னாலேயே போய் எல்லாப் பெட்டிகளையும் ஒரு சுற்று பார்த்தேன். திரும்பி வரும்போது, தூணுக்கு இந்தப் பக்கத்திலிருந்து மாமா தெரிந்தார்.

பார்வதியின் முன்னால் தனியாக நின்றிருந்தார். சுவர் ஓரமாக அவருடைய செருப்புகள் இருந்தன. கழற்றி எறிந்ததாக இல்லை. கோயில் வாசலில் விடுவது போல ஜோடி சேர்த்து, ஒழுங்காக விட்டிருந்தார். கறுப்புச் சட்டை முதுகு அப்படியே ஈரமாக ஒட்டியிருந்தது. இரண்டு கைகளும் முன்னால், வயிற்றுக்கு நேரே, யாருக்கும் தெரியாத மாதிரி சேர்ந்திருந்தன. கண்கள் மூடியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது. காவல்காரப் பெண் அவரைப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் கிட்டே போனதும் மாமா திடுக்கிட்டுக் கைகளைப் பிரித்தார்.

"தர ஜில்லுனு கீது பாப்பா. காலுக்கு நல்லா கீது. நீயும் கயட்டிப் பாரு" என்றார்.

நானும் செருப்பைக் கழற்றினேன். உண்மையிலேயே தரை ஜில்லென்று இருந்தது. மே மாதத்து ரோட்டில் வந்த கால்களுக்கு அது சொர்க்கமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு அந்த அம்மன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில், மாமா இளநீர் வாங்கப் போனார். அப்பா கேட்டருகே அத்தையோடு பேசிக்கொண்டிருந்தார். நான் மட்டும் மாடியேறி அம்மாவிடம் ஓடினேன். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் நொச்சிக்குப்பத்து மீன்கார அம்மா ஒருத்தி. அவளுக்கு என் ஊர் சுற்றல் கதைகளைக் கேட்காவிட்டால் பொழுது போகாது.

"இன்னிக்கு எந்த ஊரு ராணி போய்ட்டு வருது?" என்றாள்.

"மியூசியம்."

"செத்த காலேஜா? அங்க இன்னாத்துக்கு இந்த வெயில்ல?"

அந்தக் காலத்தில் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்களாம். அம்மா எனக்கு விளக்கினாள். நான் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. என்னிடம் அதைவிடப் பெரிய செய்தி இருந்தது. அம்மாவைச் சிரிக்கவைக்க அந்த வாரம் முழுக்கத் தேடியும் கிடைக்காத செய்தி. கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவள் காதருகே போய்ச் சொன்னேன்.

"அம்மா, மாமா செருப்பக் கயட்டிட்டாரு."

"எங்க?"

"அங்கதான். அம்மன் முன்னாடி. கும்புட்டாரு. நான் பாத்தேன்."

நான் நினைத்தபடியே அம்மா சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். மீன்கார அம்மாவும், "கறுப்புச் சட்ட கும்புட்டுச்சா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சிரித்துக்கொண்டே, மூச்சு வாங்க, "சும்மா கால் வலிக்குதுன்னு கயட்டிருப்பான்" என்றாள்.

"இல்லம்மா. தர ஜில்லுனு கீதுன்னு எங்கிட்ட பொய் சொன்னாரு. அதுக்கு முன்னாடியே கயட்டிட்டாரு. ஒயுங்கா ஜோடியா வெச்சிருந்தாரு."

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"கைய எப்டி வெச்சிருந்தான்?"

நான் வயிற்றுக்கு நேரே கையைக் கூப்பிக் காட்டினேன்.

"கண்ணு?"

"மூடிக்கினு இருந்தாரு. வாய் மட்டும் இப்டி இப்டி அசஞ்சிது."

அம்மா என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, "இன்னிக்குக் காலீல டாக்டர் கூப்ட்டாரா அவங்கள?" என்று கேட்டாள். ஆமாம், நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அந்த அம்மன் எப்படி இருந்தாள் என்று கேட்டாள். பூப் பிடிக்கிற மாதிரி விரலை வைத்திருந்தாள், ஆனால் பூ இல்லை என்றேன். என் தலையிலிருந்த வாடின மல்லிகையை எடுத்து முகர்ந்து பார்த்து, திரும்ப வைத்துவிட்டாள்.

"எங்கிட்ட சொன்னேன்னு மாமா கிட்ட சொல்லாத. பாவம். கட்சிக்காரங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க அவன" என்றாள்.

சரி என்று சத்தியம் செய்தேன். அதற்குள் மாமா இளநீரோடு வந்துவிட்டார். வாசலிலேயே முகத்தை மலர்த்திக்கொண்டு, "இன்னாக்கா, இன்னிக்கு தெளிவா கீற. டாக்டர் சொன்னாரு, புண்ணு முக்கால்வாசி ஆறிடுச்சாம்" என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்டியா? நானும் அப்டித்தான்டா நெனச்சேன்" என்றாள். இளநீரை வாங்கி முழுதும் குடித்தாள். அன்று மாமாவுக்கு முகத்தில் அவ்வளவு திருப்தி.

கிளம்பும்போது அம்மா என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு வரும்போது சீப்பும் சிவப்பு ரிப்பனும் எடுத்து வா என்றாள். எனக்குப் பின்னல் போட்டுவிடப் போகிறாள் என்று நினைத்து எடுத்துப் போனேன். அவள் போட்டுவிடவில்லை. கட்டிலில் தனக்கு முன்னால் என்னை உட்காரவைத்து, என் கையை என் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், நீயே போடு என்றாள். வகிடு எடுக்கச் சொன்னாள். முடியை மூணு காலாகப் பிரி, வலது காலை நடுவில் போடு, இப்போது இடது கால், இழுத்துப் பிடி, ரிப்பனைக் கடைசிக் காலோடு சேர்த்துப் பின்னு, மடித்துக் கட்டு. எனக்குக் கை வலித்தது, கோபமாக வந்தது.

"நீதான் வரப்போறியே. நீயே போட்டு வுடேன்" என்றேன்.

"வருவேன். எனக்குக் கை வலிச்சா? இனிமே நீயே போட்டுக்கக் கத்துக்கோ" என்றாள்.

தினமும் அதே பாடம்தான். மற்றவர்கள் இளநீர் வாங்கப் போன நேரமாகப் பார்த்து நடக்கும். சரியாக வராவிட்டால் அவிழ்த்துவிடுவாள். மறுபடியும் முதலிலிருந்து. ஊர் சுற்றிய கதைகளை அவள் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை என்று எனக்குக் குறையாக இருந்தது. மாமாவிடம் மட்டும், வெயில் தாழ்ந்ததா, கடற்கரையில் காற்று வந்ததா என்று விசாரிப்பாள். அவரும் விடாமல் பதில் சொல்வார். இரண்டு பேரும் வெயிலைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எல்லோரும் சொன்னபடியே பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அம்மா வீட்டுக்கு வந்தாள். ஒரு பகல் கூடத்தில் இருந்தாள், சாயங்காலம் கொண்டுபோய்விட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து நான் பள்ளிக்குப் போன முதல் நாள், மாமா மொபெட்டோடு வந்தார். என் தலையை என்ன செய்வது என்று யோசித்து, எதிர்வீட்டு அக்காவையும் கையோடு கூட்டி வந்திருந்தார். நான் சீருடையில், இரட்டைப் பின்னல் மடித்துக் கட்டி, சிவப்பு ரிப்பனில் பூ வைத்து, வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பின்னல் காதுக்கு மேலே, ஒரு பின்னல் காதுக்குக் கீழே. ஆனால் இரண்டும் கெட்டியாக இருந்தன.

"யாரு பாப்பா போட்டு வுட்டது?" என்றார் மாமா.

"நானே."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அம்மாதான். ஆஸ்பத்திரில. டெய்லி சொல்லிக் குடுத்தாங்க. இனிமே நீயே போட்டுக்கணும்னு சொன்னாங்க."

"இனிமேன்னா சொன்னாங்க?"

"ஆமா."

மாமா மொபெட்டை ஸ்டாண்டு போட்டார். போட்டவர், அதைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா செத்த அன்றுகூட ஓடியாடி வேலை செய்த மனிதர், தெருவில், எதிர்வீட்டு அக்கா பார்க்க, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். என் பின்னல் அவ்வளவு கோணலாகவா இருக்கிறது என்று நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் அப்பாவைக் கேட்டார். அது புண் இல்லை என்று அக்காவிடம் நீங்கள் சொன்னீர்களா? அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். அத்தையைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவே இல்லையே என்று அத்தை சத்தியம் செய்தாள். வார்டு நர்சையும் மீன்கார அம்மாவையும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை. தன் அக்காவுக்கு யார் சொன்னது என்று மாமா ரொம்ப நாள் தேடிக்கொண்டிருந்தார்.

என்னை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். நான் அம்மாவிடம் சொன்னது, மாமா செருப்பைக் கழற்றியதை மட்டும்தான்.